இரண்டு வாசல், ஒரு கிணறு

கயிறு நனைந்திருந்தது.

இன்னாசியம்மாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நாற்பது நாளாக வீட்டில் கேன் தண்ணீர்தான். கிணற்றுப் பக்கம் யாரும் வருவதில்லை.

"மழ பேஞ்சுச்சாக்கா?" என்றார் முகமது பாரூக். வீட்டை விலைக்குப் பார்க்க வடமதுரையிலிருந்து வந்தவர்.

"பனியா இருக்கும் பாய்."

சித்திரை மாதத்து மூன்று மணி வெயில். அவர் மேலே பார்த்தார்.

மலைக்கோட்டைக்குக் கீழே அந்தப் பழைய தெருவில் இரண்டு வாசல் வைத்த வீடு அது ஒன்றுதான். இவள் புருஷனான மூத்தவன் அருள்நாதனுக்குப் பாதி, இளையவனுக்குப் பாதி என்று மாமனார் நடுவில் சுவர் எழுப்பியபோது கொல்லைக் கிணறு குறுக்கே வந்தது. அதன் வாயில் கல் உத்திரம் போட்டு, சுவரை அதன்மேல் ஏற்றிவிட்டார். மேலே இரண்டு வீடு, இரண்டு உருளை. கீழே ஒரே தண்ணீர்.

"வாளி ரெண்டும் சிக்கிக்கிறாதா?"

"எறக்குறதுக்கு முன்ன கல்லுல ரெண்டு தட்டு தட்டணும் பாய். அங்கிட்டு வாளி கெடந்தா ஒரு தட்டு பதில் வரும். பொறுத்து எறக்கிக்கிருவோம்."

"நல்லாருக்கே. எம் மருமகளுக ரெண்டும் போன்லகூட பேசிக்கிறதில்ல. தட்டியாச்சும் பேசிக்கட்டும்."

அவருக்கு வீடு பிடித்திருந்தது. இரண்டு மகன்கள், இரண்டு வாசல். இன்னாசியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அருள்நாதன் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நாளைக் காலைக்குள் பணம் கட்டினால் ஆபரேஷன். இல்லையென்றால் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் முழு வீடாகத்தான் கேட்டார்கள். சுவர் பிரித்தாலும் பத்திரம் முழுக்க அருள்நாதன் பேரில். ஆனால் இளையவன் பாதியில் இருந்த கொழுந்தன் மனைவி பிலோமினா, புருஷனும் பிள்ளையும் இல்லாதவள், "நா எங்கக்கா போவேன்" என்று ஒரே பேச்சில் நின்றாள்.

இப்போது அந்தப் பாதி காலி. எப்படிக் காலியானது என்று பாய் கேட்கவில்லை.

"ஒரு வாளி எறைங்கக்கா. உப்பா, நல்ல தண்ணியான்னு பாத்துட்டு இப்பவே அட்வான்ஸ அனுப்பிர்றேன்."

வாளியை எடுத்தாள். இருபது வருஷப் பழக்கம். கை தானாகத் தட்டியது. டக், டக்.

கீழேயிருந்து ஒரு தட்டு.

"அங்கிட்டு ஆளிருக்கா?"

"இல்ல பாய். எதிரொலி."

"ரெண்டுக்கு ஒண்ணா?"

"பழைய கெணறு பாய்."

உருளை கிறீச்சிட்டுச் சுழல, பாசியும் ஊறிய சுண்ணாம்பும் கலந்த குளிர்ந்த வாடை மேலேறி வந்தது. அதற்குள்ளே, மெல்லியதாக, பிலோமினா தலைக்குத் தேய்க்கும் வெந்தயம் காய்ச்சிய எண்ணெயின் வாசனையும் இருந்தது. நாற்பது நாளுக்கு முன்பு, அன்றும் இதே வெயில்தான். இவள் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் எதுவோ சரிந்தது, தண்ணீர் அலறியது, பிறகு தட்டு. பிலோமினாவின் மோதிரம் கல்லில் படும் சத்தம். இரண்டு இரண்டாக. பதிலுக்கு ஒரு தட்டு கேட்டு. இவள் அரிவாள்மணையை விட்டு எழவில்லை. குழம்பு கொதித்து இறங்கியபோது சத்தம் நின்றிருந்தது. அதன் பிறகே தெருவுக்கு ஓடிக் கத்தினாள்.

டக்.

நீர்மட்டத்தில்.

வாளி மேலே வந்தது. பாய் டம்ளரில் மொண்டு குடித்தார். "கல்கண்டுக்கா." கிணற்றுச் சுவரில் முழங்கையை ஊன்றிப் போனை எடுத்தார். "மகன் நம்பர்தான?"

"ஆமா. ரொனால்டு."

டக். ஒரு கல் மேலே.

டக். இன்னொரு கல்.

உத்திரத்துக்கு அடியில், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு, நான்கு விரல்கள் வந்தன. ஊறி வெளுத்த விரல்கள். நகமில்லை. மோதிரம் இருந்தது. கல்லின் இடுக்கைப் பற்றின. அடுத்த இடுக்கை. பாயின் முழங்கைக்கு ஒரு சாண்.

தள்ளி நில்லுங்க பாய். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் குனிந்து பார்ப்பார். பார்த்தால் போய்விடுவார். நாளைக் காலை.

அவள் வாய் திறக்கவில்லை.

"நெட்டு சுத்துதுக்கா. செத்த நேரம்."

ஒரு விரற்கடை.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. ரொனால்டு. அம்மா, பணம் வந்துருச்சு.

"போயிருச்சு," என்று பாய் சிரித்தபடி நிமிரப் பார்த்தார். முடியவில்லை. மணிக்கட்டில் விரல்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தார்.

"அக்கா."

டம்ளர் உருண்டது. தண்ணீர் அலறியது. ஒற்றைச் செருப்பு கல்லில் கிடந்தது.

பிறகு தட்டு. இரண்டு இரண்டாக.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை. இந்தப் பக்கம் ஒரு கை.