நீட்டிய கை

பின்கதவின் கைப்பிடி மறுபடியும் பிசுபிசுத்தது. காலையில் ஆராதனைக்குக் கிளம்பும்முன் அவளே அதைச் சோப்புத் தண்ணீரில் துடைத்திருந்தாள். அதன்பிறகு வீட்டில் யாரும் இல்லை. விரல்களை முகர்ந்து பார்த்தாள். ஆலிவ் எண்ணெய், அதற்கடியில் நாள்பட்ட படுக்கை விரிப்பின் புளித்த வாடை. மாமியாரின் அறை கடைசி நாட்களில் இப்படித்தான் மணந்தது.

வெயில் இறங்கி, தோட்டத்தில் காற்று குளிர ஆரம்பித்திருந்தது. மாமியாருக்குப் பிடித்த நேரம். உடம்புக்கு முடிந்த காலத்தில் இந்த நேரத்தில்தான் எலுமிச்சை மரத்தைச் சுற்றி உலாவுவார். இடது கால் கொஞ்சம் இழுபடும். சரளைக் கல்மேல் ஒரு மிதி, ஓர் இழுப்பு. பிறகு பின்கதவருகே வந்து நின்று உள்ளங்கையை நீட்டுவார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகள் அதில் இதய மாத்திரையை வைப்பாள். “எங்க வீட்டு மருந்துக்கடைக்கு லீவே கிடையாது” என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வார்.

பிறகு மூப்பருக்கு விசுவாசம் முற்றியது. மூப்பர் என்பது அவள் கணவர்தான். சபையில் அந்தப் பொறுப்பு வந்ததிலிருந்து ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. ஒருநாள் மாத்திரை டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டார்.

“மூப்பர் வீட்லயே மாத்திரைய நம்பறாங்கன்னு நாலு பேர் பேசணுமா? ஜெபம் பண்ணா போதும்.”

“நிறுத்தக் கூடாதுங்க. இது அப்படிப்பட்ட மாத்திரை இல்ல.”

ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் முகம் சுருங்கியதும் வாயை மூடிக்கொண்டாள். கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட நாலு தடவை எடுத்துச் சொல்கிறவள். அன்று முதல், மாமியார் நீட்டிய கையில் மூப்பர் தாம் ஜெபித்த எண்ணெயை ஆள்காட்டி விரலால் ஒரு சொட்டு வைப்பார். அவள் கிழவியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிடுவாள். மாமியார் கையைத் திறந்து பார்ப்பார். மாத்திரை இருக்காது. பிறகு மருமகளைத்தான் பார்ப்பார், மகனை அல்ல.

மாமியாரின் அடக்கம் முடிந்த அன்று மூப்பர் தேம்பித் தேம்பி அழுதார். “ரெண்டு பேரும்தான் செஞ்சோம். ஞாயித்துக்கிழமை சேர்ந்தே எந்திரிப்போம். உன் கைய நான் பிடிச்சுக்கறேன்.” அவர்கள் சபையில் அது வழக்கம். தவறு செய்தவர் ஆராதனை நடுவே எழுந்து, எல்லோர் முன்பும் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்ட பாவத்தை அப்புறம் யாரும் கிளறக் கூடாது.

இன்று காலை அவர் எழுந்தார். கையைப் பிடிக்கவில்லை.

“என் மனைவிதான் அம்மாவுக்கு மாத்திரை குடுப்பா. அவ நிறுத்திட்டா. எனக்குக் கடைசியிலதான் தெரியும். தயவுசெஞ்சு அவள மன்னிச்சிருங்க.” குரல் சரியான இடத்தில் உடைந்தது. காரின் கதவில் நசுங்கி நகம் கறுத்துப்போன அந்த ஆள்காட்டி விரல் அவளைக் காட்டிக்கொண்டு நின்றது. பாதி எழுந்திருந்தவள் முன்பெஞ்சைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். உடம்பில் துணியே இல்லாதது போலிருந்தது. பக்கத்திலிருந்த பெண் தன் கைப்பையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்தில் மட்டும் அவருக்குச் சரிபாதி இருந்தது. பழி முழுவதும் அவளுக்கு.

முதல் மனிதனும் முதல் மனுஷியும் இருந்த தோட்டத்துக் கதையைச் சிறுவயதில் கேட்டிருக்கிறாள். பழம் தின்றதுதான் பாவம், அதுதான் தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் இறங்குகிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பழத்தை இருவரும்தான் தின்றார்கள், சேர்ந்தேதான் ஒளிந்தார்கள். மாலைக் குளிரில் உலாவ வந்த கர்த்தர் கேட்டதும் அவன் அவளைக் கைகாட்டினான். ரத்தத்தில் இறங்கியது அந்தக் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது பட்டது. அந்த நிமிடம் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்தது என்று எந்தப் பிரசங்கத்திலும் அவள் கேட்டதில்லை.

கைப்பிடியைத் துடைத்து முடித்தாள்.

வெளியே சரளைக் கல் நெரிந்தது. ஒரு மிதி. ஓர் இழுப்பு.

முன்னறைக்குப் போனாள். மூப்பர் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க. தோட்டத்துல நடக்கறாங்க.”

“காத்து.”

“காத்து காலை இழுத்துக்கிட்டா நடக்கும்?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார். அவருக்கும் கேட்கிறது. எப்போதிலிருந்து கேட்கிறதோ.

சத்தம் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. பின்கதவுக்கு வந்தது. நின்றது. கைப்பிடி மெதுவாக இறங்கும் ஓசை. எண்ணெய் வாடை முன்னறை வரை வந்தது.

“எங்க இருக்கீங்கம்மா, ரெண்டு பேரும்?”

அதே குரல். கொஞ்சம் மூச்சு வாங்கிய, கோபமில்லாத குரல்.

மூப்பர் துள்ளி எழுந்து அவளை இழுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் நுழைந்தார். மாமியாரின் துணிகள் இன்னும் அங்கே கம்பியில் தொங்கின. அவற்றை விலக்கி, பின்னால் பதுங்கி, முகத்தை மூடிக்கொண்டார்கள். இருட்டில் அவர் அவள் கையைப் பிடித்தார். காலையில் பிடிக்காத கை. வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. கர்த்தாவே, இந்த மனிதனை நான் இன்னும் நம்புகிறேனே என்று நினைத்தாள்.

“சொல்லிருங்க,” என்று கிசுகிசுத்தாள். “ரெண்டு பேரும்தான்னு அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நானும் கூட நிக்கறேன். எனக்கு அது போதும்.”

அவர் தலையசைத்தது தோளில் தெரிந்தது. கையை ஒருமுறை அழுத்தினார். “சொல்றேன்.”

எழுந்தார். துணிகள் உரசின. கதவு திறந்து சாத்தியது.

வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

“அம்மா,” என்றார் மூப்பர், காலையில் உடைந்த அதே குரலில். “இங்க இருக்கா. இவதான்மா. நான் இல்ல.”

மிதி. இழுப்பு.

அவள் கதவைத் தள்ளவில்லை. கத்தவுமில்லை. கத்தி யாரைக் கூப்பிடுவது?

மிதி. இழுப்பு. மிதி.

நின்றது.

“அம்மா, இவ...” என்று மறுபடி தொடங்கினார்.

முடிக்கவில்லை. கத்தலில்லை, கனமாக எதுவும் விழவுமில்லை. ஈரமாக ஏதோ ஒன்று தரையில் சொட்டியது. மறுபடி சொட்டியது.

ஜெபிக்க வாய் திறந்தாள். நினைவிலிருந்த எல்லா ஜெபத்திலும் ‘நாங்கள்’ என்றே இருந்தது. அவளால் தொடங்க முடியவில்லை.

தாழ்ப்பாள் விலகியது.

கதவு ஒரு சாண் திறந்தது. மாலையின் கடைசி வெளிச்சம். எண்ணெய் வாடை.

அந்த இடைவெளியில் கை வந்தது. சுருங்கிய கை. மணிக்கட்டுவரை மண். உள்ளங்கை மேல் பார்த்தபடி, தினமும் நீட்டிய அதே உயரத்தில்.

கை காலியாக இல்லை. குழியில் தேங்கிய எண்ணெயில் ஒரு விரல் கிடந்தது. கறுத்த நகம். நகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அவளையே காட்டிக்கொண்டு.

“மூடிவிடும்மா,” என்றது குரல், கோபமில்லாமல்.

கை அசையாமல் நின்றது. எப்போதும்போல, விரல்களை அவள் ஒவ்வொன்றாக மடக்கிவிடுவதற்காகக் காத்துக்கொண்டு.