இருநூறாவது ஏற்றம்

காலை ஆறு மணிக்கு ஆராவமுதன் தன் முழங்கால் வலியை வழிகாட்டி மாடத்தியிடம் ஒப்படைத்தார். காதுக்குப் பின்னால் பதித்திருந்த சில்லை ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

வலி இன்னும் வந்திருக்கவில்லை. மலை ஏறினால் வரப்போகிற வலி அது. கரும்பாறை நிலவுக்குச் சுற்றுலா வருகிற எவரும் தம் களைப்பைத் தாமே சுமப்பதில்லை. களைமாற்றி என்ற கருவி அதை உறிஞ்சி வழிகாட்டியின் உடம்பில் இறக்கிவிடும். காலும் நடையும் படமும் விருந்தினருக்கு. மூச்சிரைப்பும் கெண்டைக்கால் பிடிப்பும் வழிகாட்டிக்கு.

மாடத்திக்கு வயது நாற்பத்தொன்று. பதினொரு வயதில் குவாரியில் ஜல்லி சுமக்க ஆரம்பித்தவள். புகைச்சான் எரிமலையில் ஐந்து வருடமாக ஏறி இறங்குகிறாள். அடிவாரத்து வெந்நீர் ஊற்றுத் தொட்டியில் மட்டும் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஊழியர் இறங்கினால் நீர் அசுத்தமாகிவிடுமாம். இருநூறு ஏற்றம் முடித்தவர் ஒருமுறை இறங்கலாம். அதுவும், விருந்தினர் ஐந்து நட்சத்திரம் போட்ட ஏற்றம்தான் கணக்கில் சேரும். அவள் கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தது. இன்று பையில் மாற்றுத்துணியும் துண்டும் எடுத்து வைத்திருந்தாள்.

சாம்பல் சரிவில் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். ஆராவமுதன் துள்ளிக்கொண்டு போனார்.

"என்னம்மா, இதுக்கே இப்படி இரைக்குது? உடம்பைக் கவனிக்கிறதே இல்லையா? என்னைப் பாரு, தினம் நெல்லிக்காய் ஜூஸ்."

"இது உங்க இரைப்புதான் ஐயா. எனக்கு வந்து சேந்திருக்கு."

அவர் காதில் விழவில்லை. நெருப்புக் குழம்பின் விளிம்பில் பதினொரு நிமிடம் நின்றார். பத்து நிமிடம் அதற்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்.

இறங்கி வந்து ஊற்றில் கழுத்தளவு அமிழ்ந்தார். முகம் சுருங்கியது.

"யாருய்யா இங்கே பொறுப்பு? சொர்க்கம்னு விளம்பரம் பண்றீங்க. வெறும் வெந்நீரா இருக்கு!"

மேற்பார்வையாளர் இருதயராஜ் ஓடி வந்தார். "வெப்பத்தைக் கூட்டட்டுமா சார்?"

"கூட்டி? என்னை அவிக்கவா?"

களைக்காத உடம்புக்கு வெந்நீர் எதற்கு என்று அந்த மண்டைக்குத் தோன்றவில்லை. பெரிய நிறுவனங்களை நடத்துகிற மண்டை. இரண்டு பேர் அலுப்போடு கரையில் மடங்கிக் கிடந்த மாடத்திதான் சொன்னாள்: "அண்ணாச்சி, அவுக அலுப்பு பூரா என்கிட்டல்லா கிடக்கு. திருப்பிக் குடுத்திருங்க. அப்பதான் தண்ணி சொகம் தெரியும்."

இருதயராஜ் களைமாற்றியின் விசையை எதிர்ப்பக்கம் திருப்பினார். கருவிக்கு எது யாருடைய களைப்பு என்று தெரியாது. மாடத்தியின் உடம்பில் இருந்த அத்தனையையும் வாரிக் கொண்டுபோய்க் கொட்டியது.

ஆராவமுதன் அலறினார். பிறகு நீர் வேலையைத் தொடங்கியது. கண் செருகியது.

"ஆஹா... தோள்பட்டையில ஒரு வலி இருக்கே, ஆழமா, ரொம்பப் பழசா! இது எங்கே கிடைச்சது?"

"அது குவாரியில கிடைச்சது ஐயா."

"அசல் சரக்கும்மா! உழைப்போட அருமை இப்பத்தான் புரியுது." ஈரக் கையாலேயே ஐந்து நட்சத்திரம் போட்டார். ஏற்றக் கணக்குப் பலகையில் இருநூறு விழுந்தது.

மாடத்தி துணி மாற்றிக்கொண்டு ஊற்றின் மறுகோடியில் இறங்கினாள். ஐந்து வருடம் நினைத்து நினைத்து ஏங்கிய நீர்.

"எப்படி இருக்கு மாடத்தி?" என்றார் இருதயராஜ்.

"வெந்நி மாதிரிதான் இருக்கு அண்ணாச்சி."

அவள் உடம்பில் போக்குவதற்கு ஓர் அலுப்பும் மிச்சமில்லை. கொஞ்சம் யோசித்தாள். கரையேறி ஓட ஆரம்பித்தாள். சுமையில்லாமல், போய்ச் சேர இடமில்லாமல், கரையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். பூமியில் லிஃப்டில் மாடியேறிப் போய், கண்ணாடி அறைக்குள் ரப்பர் பட்டைமேல் ஓடுகிற கூட்டத்தைக் கேலி செய்தவள்தான். அவர்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்க வேறொருத்தி வருவாள்.

கால் மணி நேரம் ஓடியும் மூச்சு வாங்கவில்லை. நீருக்குள்ளிருந்துதான் முனகல் வந்தது.

"அப்படித்தான்... நிறுத்திடாதே! முழங்காலை நல்லாத் தூக்கி ஓடும்மா!"

மாடத்தி நின்றாள். "அண்ணாச்சி, விசையை அணைக்கலையா நீரு?"

"சார் இன்னும் எந்திரிக்கலையே, எப்படி அணைக்க?"

"அப்போ அவரையே ஓடச் சொல்லும்." தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆராவமுதன் ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு கடுப்போடு எழுந்து, மதிப்புரையைத் திறந்து திருத்தினார்: 'வாழ்நாளில் இன்றுதான் உண்மையாக உழைத்தேன். ஆனால் வழிகாட்டிப் பெண் சரியான சோம்பேறி. நான் உழைத்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டாள். நான்கு நட்சத்திரம்.'

பலகையில் இருநூறு அழிந்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆனது.

இருதயராஜ் அதைப் பார்த்தார், மாடத்தியின் ஈரத் துணியைப் பார்த்தார். தலைகுனிந்தபடி விதிப்புத்தகம் சொன்னதைச் செய்தார். இருநூறு முடிக்காத ஊழியர் இறங்கிய நீரை வடித்துவிட்டார். விசையை அணைத்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவ ஆள் வேண்டுமே. இறங்கிய ஊழியரே கழுவ வேண்டும் என்பதும் விதிதான்.

மாடத்தி அன்று இரண்டாம் முறையாக உள்ளே இறங்கினாள், கையில் துடைப்பத்தோடு. கந்தகக் கறை லேசில் போகாது. குனிந்து தேய்க்கத் தேய்க்க இடுப்பு விட்டுப்போயிற்று, தோள் கடுத்தது, மூச்சு வாங்கியது. எல்லாம் அவளுக்கே அவளுக்கான அலுப்பு. நீர்தான் இல்லை.