பதினேழாம் கோளில் தேங்கிய தண்ணீர்

காலையில் வேலைக்கு இறங்கும் முன் உயிர்த்தேடல் கூடத்தின் வாசலில் எல்லாரும் கொஞ்சம் நிற்போம். நிலோஃபர் மேடம் மூச்சுவலையை மூக்கில் மாட்டிக்கொண்டு வெளியே வருவார். எங்களில் யாராவது கேட்பார்கள்.

"என்ன மேடம், ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு டீ தொண்டையில் இறங்கும். மேடம் பாவம், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவர் தேடுவது கிடைக்கக் கூடாது என்று அத்தனை பேரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கும் தெரியும்.

கடல் ஊருக்குள் வந்த பிறகு, மனிதர் வாழத் தோதான கோள்களைக் கண்டுபிடித்து நம்பர் போட்டார்கள். இது பதினேழாவது. கோள்களுக்கென்று முதற்குடிச் சட்டம் என ஒரு சட்டம் உண்டு. ஒரு கோளில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி அளவுக்காவது உயிர் இருந்தால், அந்த மண் அதற்குச் சொந்தம். மனிதர் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒன்றும் இல்லையென்று முடிவானால் உயிரின்மைச் சான்று கிடைக்கும். சான்று வந்த அன்றைக்கே, கட்டட வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு மனை. பதினாறு கோளிலும் ஒன்றும் அகப்படவில்லை. பூமியைத் தவிர வேறெங்கும் உயிரே கிடையாது என்று பள்ளிக்கூடத்துப் பாடத்திலேயே போட்டுவிட்டார்கள். எங்கள் சான்றுக்கு இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி.

என் மனை சிவப்பு மேட்டின் அடிவாரத்தில். நாலு மூலைக்கும் கல் நட்டு வைத்திருந்தேன். பூமியில் என் மகள் வினோதினி, வெள்ள முகாமில் சேலையைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு கிடக்கிறாள். அவளைக் கூட்டிவந்து சுவர் வைத்த வீட்டில் உட்கார வைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்து சிமெண்டுச் சட்டி தூக்குகிறேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. மனை வந்துவிட்டால் போதும்.

அந்த வாரம், மூச்சுக் காற்று தயாரிக்கும் காற்றுச்சாலைக்குக் கூரை போட்டோம். கான்கிரீட் இறுகும்வரை ஈரம் காயக் கூடாது. இங்கே தண்ணீருக்குப் பஞ்சம் என்பதால் மேலே ஒரு பூச்சு மருந்து அடிப்பதுதான் வழக்கம். இந்த முறை கப்பலில் மருந்து வரவில்லை. கொத்தனார் துரைக்கண்ணு, "பழையபடி பாத்தி கட்டித் தண்ணிய நிறுத்துங்க" என்றார். இந்த ஊர் மண்ணையே குழைத்துக் கூரைமேல் வரப்பு கட்டி, பனிக்கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பினோம். இங்கே ஈரமெல்லாம் மண்ணுக்கு அடியில் பனியாகக் கிடக்கிறது. வெயிலில் தண்ணீர் தேங்கி நின்றது அதுதான் முதல் தடவை. அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தண்ணீர் குறையக் குறைய ஊற்றுவது என் வேலை. ஒரு காலையில் பாத்தியின் அடியில் வெள்ளை வெள்ளையாக வளையங்கள் தெரிந்தன. சுண்ணாம்பு பூத்திருக்கிறது என்று நினைத்தேன். உப்புப் பூத்தால் சுரண்டிவிடுவதுதானே வழக்கம், கரண்டியால் சுரண்டிவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் அதே வளையங்கள். மறுபடி சுரண்டினேன்.

மூன்றாம் நாள் குனிந்து பார்த்தபோது கை நின்றுவிட்டது. நான் பாதி சுரண்டி விட்டிருந்த வளையத்தில் உடைந்த பக்கம் மட்டும் புதிதாக வளர்ந்திருந்தது. பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் ஒட்டுப் போட்டதுபோல் கொஞ்சம் தடித்திருந்தது. உப்பு பூக்கும். இடிந்ததை ஒட்டுப் போடாது.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். இருசப்பனும் ஏறி வந்தான். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காரன், வாய் சும்மா இருக்காது. அவனே குனிந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, வரப்ப வெட்டி விட்ருவோம். தண்ணி போச்சுன்னா இதுவும் போயிரும்."

"போயிருமா?"

"நமக்கு என்ன தெரியும், சுண்ணாம்புன்னு நெனச்சோம். கேட்டா அதான் பதிலு. உன் மனை, என் மனை, கீழ நிக்கிற அத்தன பேரு மனை. ஒரு மம்பட்டி வெட்டு."

"கொத்தனாரே, நீங்க சொல்லுங்க."

துரைக்கண்ணு தலையைச் சொறிந்தார். "எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு. நான் வெட்டுன்னும் சொல்லல, வெட்டாதன்னும் சொல்லல. மொதல்ல பாத்தது நீ."

மண்வெட்டி என் பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்தேன். எடுத்துக்கொண்டு அந்த வளையத்தையே பார்த்தேன். பூமியில், வாய்க்கால் கரையிலிருந்த எங்கள் குடிசையை மூன்று முறை இயந்திரம் வைத்து இடித்தார்கள். மூன்று முறையும் அதே இடத்தில் கட்டினோம். வந்தவர்கள் யாரும் எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. குப்பையை வழிப்பதுபோல் வழித்துக்கொண்டு போனார்கள். இதை நானும் இரண்டு முறை வழித்துவிட்டேன். தெரியாமல் செய்தேன். மூன்றாவது முறை செய்தால் தெரிந்தே செய்ததாகும்.

மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"டேய் இருசா, மேடத்தக் கூட்டிட்டு வா."

"அக்கா, யோசிச்சுக்க. வினோதினிக்கு என்ன சொல்லுவ?"

"அத நான் பாத்துக்கறேன். நீ போ."

என்னை முறைத்துவிட்டுத்தான் இறங்கினான். ஆனால் ஏணியின் பாதியிலிருந்தே "மேடம், மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

நிலோஃபர் மேடம் நுண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். இன்னொரு சொட்டு எடுத்தார். அப்புறம் ஒரு சின்னப் பெட்டியில் விட்டு, அதில் ஓடிய எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"நம்ம ஊர்லேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்த பாசியா இருக்கும்ல மேடம்?" என்றான் இருசப்பன். அவனுக்கு அதுதான் கடைசி நம்பிக்கை.

"இல்லப்பா. பூமியில எந்த உயிர எடுத்தாலும் உள்ள ஒரே மாதிரி உயிர்ச்சரடு இருக்கும். புல்லோ, மனுஷனோ, எதுவா இருந்தாலும். இதுல அது இல்ல. இது வேற." அவர் பெட்டியை மூடினார். "இருபது வருஷமா கோள் கோளாப் பனிக்கு அடியில தொளச்சுத் தொளச்சுத் தேடுனேன். மண்ணுக்குள்ள தூங்கிட்டு இருந்திருக்கு. தண்ணி வெயில்ல நின்னதும் முழிச்சிருக்கு. சிமெண்டுலேர்ந்து சுண்ணாம்ப எடுத்துத் தனக்குச் செவுரு வெச்சுக்குது."

அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிட்டம்மா, நீங்க வரப்ப வெட்டி விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும்மா" என்றேன்.

சங்கு ஊதியது. வேலை நின்றது. மனை போன செய்தி கீழே பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கொஞ்சம் பேர் கத்தினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "உனக்கென்ன, மகராசி" என்று ஆரம்பித்து, முடிக்காமல் அழுதாள். நான் வாங்கிக்கொண்டேன். மேடம் கூரை விளிம்புக்கு வந்தார். "மேல வந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்றார்.

வரிசை சாரத்தைச் சுற்றி நின்றது. நுண்ணாடியில் ஒவ்வொருவராகக் கண் வைத்தார்கள். கண்ணாடி போன்ற சின்னச் சின்ன உருண்டைகள். ஒன்று ஒரு துகளைத் தள்ளிக்கொண்டு வரும், அடுத்தது வாங்கும், அடுத்தது சுவரில் வைக்கும். சட்டி கைமாறுவதுபோலவே இருந்தது. பார்த்தவர்கள் யாரும் சீக்கிரம் கண்ணை எடுக்கவில்லை. திட்ட வந்தவள் பார்த்துவிட்டுத் திரும்பி, "ஏய், சித்தாளு வேலைடி" என்றாள். அதற்கு எழுந்த சிரிப்பில் காற்றுச்சாலையின் இரும்பெல்லாம் அதிர்ந்தது. இருசப்பன்தான் ரொம்ப நேரம் பார்த்தான்.

"கொத்தனாரே, மட்டம் கொஞ்சம் விலகுது."

"நீ அடிச்ச பலகைய விடவா?" என்றார் துரைக்கண்ணு.

இத்தனை கோளில், இத்தனை காலம் தேடியது, எங்கள் கூரைமேல் இருந்தது. யார் முதலில் கை தட்டினார்கள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நிலையம் முழுக்கத் தட்டியது. நிலோஃபர் மேடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்கள். என்னையும் தூக்கினார்கள். முழங்கால் வலி எங்கே போனதோ.

கப்பல் வரும்வரை பாத்தி வற்றக் கூடாது. குளிக்கக் கொடுக்கும் தண்ணீரில் ஆளுக்கொரு குவளை ஊற்றுவது என்று நாங்களே பேசி முடிவு செய்தோம். ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

நெடுந்தொடர்பில் வினோதினி வந்தாள். அவள் பின்னால் முகாமே திரண்டு நின்றது. வாணவெடிச் சத்தம் கேட்டது.

"அம்மா, இங்க யாரும் தூங்கல. ரோடு பூரா ஜனம். உன் மூஞ்சிதான் எல்லா டிவியிலயும்."

"மனை போச்சுடி" என்றேன்.

சேலைத் தடுப்பு அவள் தோளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் அருகே வந்தாள்.

"சொன்னாங்க. அது கெடக்கட்டும். அது இப்ப என்னம்மா பண்ணுது?"

காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"செவுரு முடிஞ்சிருச்சு" என்றேன். "கூரை போடுது."