முதுகில் ஒரு கை

சனிக்கிழமை காலையிலேயே முற்றத்தில் சண்டை ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் மாடி ராடொயே மாமா மூன்று மூட்டை சிவப்புக் குடைமிளகாயோடு தகர அடுப்பைத் தூக்கி வந்திருந்தார். ஊரே மிளகாயைச் சுட்டு, குளிர்காலத்துக்கு அய்வார் என்னும் தொக்கு கிளறும் மாதம் அது. ஆனால் அவர் அடுப்பு வைக்கப் பார்த்த இடத்துக்கு நேர் மேலே ஸ்லாவ்கா அத்தையின் ஆறு வெள்ளை விரிப்புகள் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன.

ஏழாவதாக ஒரு சின்ன வெள்ளைச் சட்டையும் தொங்கியது. அது பத்து வயது நெவெனாவுடையது. நாளைக்குப் பள்ளி விழாவில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் வட்ட நடனம் ஆட வேண்டும். மாற்றுச் சட்டை கிடையாது. புகை பட்டால் எல்லாம் போச்சு.

வாசல் கதவில் குடியிருப்பு விதிகள் ஒட்டியிருந்தன. “முற்றம் எல்லோருக்கும் பொது” என்ற நான்காம் விதியை மாமா விரலால் தட்டிக் காட்டினார். அடுப்பு மூட்டத் தனக்கு உரிமை உண்டாம். அத்தை அதே வரியை அதே இடத்தில் தட்டினாள். துணி காயப்போடத் தனக்கும் உண்டாம். இருவரும் மாறி மாறித் தட்டியதில் காகிதத்தின் ஒரு மூலை பிய்ந்தே போனது.

“அத்தை, துணி காய எவ்வளவு நேரம் ஆகும்?” என்று நெவெனா கேட்டாள்.

“இந்த வெயிலுக்கு ஒரு மணி நேரம் போதும்.”

“மாமா, மிளகாயெல்லாம் கழுவியாச்சா?”

மாமா மூட்டைகளைப் பார்த்தார். மீசையைத் தடவினார். “எங்கம்மா? இவங்களோட கத்துறதுக்கே நேரம் சரியாப் போச்சு.”

நெவெனா வாளியில் தண்ணீர் பிடித்து வந்து உட்கார்ந்து கழுவத் தொடங்கினாள். மூன்று மூட்டையை ஒரு சின்னப் பெண் எப்போது கழுவி முடிப்பது? மாமாவுக்கு வெட்கமாகிவிட்டது. அவரும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த அத்தைக்குக் கை சும்மா இருக்கவில்லை.

“கழுவுற லட்சணத்தைப் பாரு, ராடொயே. காம்புல மண்ணு அப்படியே இருக்கு. தள்ளு அந்தப் பக்கம்.”

கழுவித் துடைத்து முடிப்பதற்குள் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன. அவற்றை எடுத்த பிறகே அடுப்பு எரிந்தது. சுட்ட மிளகாயை உரிக்கவும் அத்தை தானாகவே வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் நெவெனா சட்டையைப் போட்டுக் காட்டினாள். உரித்துக்கொண்டிருந்த இருவரும் பூரித்துப்போய் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அவளும் சந்தோஷத்தில் சட்டையை அப்படியே கழற்றி மடித்து வைத்தாள்.

மறுநாள் விழாவில் கைகோத்து வட்டம் சுற்றும்போது பின்னால் ஒரே சிரிப்பு. நெவெனாவின் வெள்ளை முதுகில் ஐந்து விரலும் சிவப்பாக, பளிச்சென்று பதிந்திருந்தன.

முன்வரிசையில் அத்தை எழுந்துவிட்டாள். “ஐயோ, அது என் கை. நான்தான் துவைச்சுத் தரணும்.”

“அவ்வளவு பெரிய கை உனக்கு ஏது? அது என்னோடது. துவைக்க வேண்டியது நான்” என்று மாமாவும் எழுந்தார்.

விட்டேனா பார் என்று மறுபடி சண்டை. ஆட்டத்தை நிறுத்தாமலே நெவெனா அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“ரெண்டு பேரும் சேர்ந்தே துவைங்க. ஆனா முதல்ல கையைக் கழுவுங்க.”