நாலு பேருக்கு வெட்டிய பங்கர்

பங்கருக்குள் மண் சூடாக இருந்தது.

பராசக்தி உட்கார்ந்த உடனே அதை உணரவில்லை. குண்டுபோட வந்த பொம்மரின் இரைச்சல் அச்சுவேலிப் பக்கமாக விலகிய பிறகுதான் தெரிந்தது. ஆளுயரத்துக்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை போட்டு மூடிய குழி அது. வெளியே எவ்வளவு வெயில் எரிந்தாலும் உள்ளே மண் குளிர்ந்தே கிடக்கும். இருப்பதற்காகச் சுவரோடு வெட்டாமல் விட்டிருந்த திட்டு கிணற்றடிக் கல்லைப்போலச் சில்லிட்டிருக்கும். இன்று அது, பஸ்ஸில் யாரோ எழும்பிப்போன சீற்றில் இருந்ததுபோல இளஞ்சூடாக இருந்தது.

சற்றுத் தள்ளி இருந்தாள். அங்கே குளிர்ந்தது. கையை நீட்டித் தடவினாள். ஓர் ஆள் இருக்கக்கூடிய அகலத்துக்குச் சூடு. அதற்கப்பால் இன்னோர் ஆளின் அகலம். இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஓர் இடம். அதுதான் எல்லாவற்றிலும் சூடாக இருந்தது.

வாசலில் ஆமைப்பூட்டுப் போட்டிருந்தது. அவள்தான் வந்து திறந்தாள். அந்தப் பூட்டின் திறப்பு எப்போதும் அவள் இடுப்பில்.

இரைச்சல் ஓய்ந்ததும் வெளியே வந்து தகரக் கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டிய பிறகும் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

கோப்பாயில் அவளுக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான். கணவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து இறந்துபோனவர். அவருடைய பென்சன், சண்டை ஓய்ந்து பாதை திறந்தால் வரும், மூடினால் வராது. ஜேர்மனியில் இருந்த மகனின் கடிதமும் அப்படித்தான். அதனால் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளையும் வாடகைக்குக் கொடுத்தாள். வந்தவர்கள் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். பஞ்சலிங்கம் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக்காக இருந்தவன். மனைவி குணலட்சுமி. பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்த ஒரே மகள் தர்சினி.

பங்கரை வெட்டியது பஞ்சலிங்கம்தான். வாசலில் குண்டு விழுந்தாலும் சிதறல் நேரே உள்ளே வராதபடி, 'ட' எழுத்தைப்போல் ஒரு முடக்கு வைத்து வெட்டினான். முடக்குக்கு அப்பால் பட்டப்பகலிலும் இருட்டுத்தான். வெட்டி முடியும் தறுவாயில் எல்லோரையும் இறக்கி, வரிசையாக இருக்கச் சொல்லி, தோளும் தோளும் முட்டுகிறதா என்று பார்த்தான். மூலையில் அவன். பிறகு பிள்ளை. பிறகு குணலட்சுமி. கரையில் பராசக்தி. அக்காவுக்கு இன்னும் ஒரு சாண் எடுக்கவேண்டும் என்று அவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பராசக்தியும் சிரித்தாள். அந்த ஒரு சாணையும் அவன் அன்றைக்கே வெட்டினான்.

தொழிற்சாலை பிறகு திறக்கவேயில்லை. கையில் இருந்த காசு கரைந்தது. முதலில் பாதி வாடகை தந்தார்கள். பிறகு முருங்கைக்காயும் பொன்னாங்காணியும் தந்தார்கள். பிறகு அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். பராசக்தியும் ஒரு நேரம் சமைத்து இரண்டு நேரம் சாப்பிடுகிறவளாகத்தான் இருந்தாள். காப்பை விற்றாகிவிட்டது. அறையை விடச் சொன்னாள். எங்கே போவது என்று குணலட்சுமி கேட்டாள். தான் எதைச் சாப்பிடுவது என்று பராசக்தி கேட்டாள்.

வழக்கு சனசமூக நிலையத்துக்குப் போனது. ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் இருந்து கேட்டார்கள். பக்கத்து வளவுப் பொன்னம்பலம் அவர்களில் ஒருவர். இடம்பெயர்ந்த சனத்தை வெளியே விடக்கூடாது என்று தீர்த்தார்கள். நிலைமை சீராகும்வரை அறை, கிணறு, கக்கூஸ் மூன்றையும் அவர்கள் பாவிக்கலாம். வாடகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த மூன்றும் அவள் மனதில் திரும்பத் திரும்ப ஓடின. அறை, கிணறு, கக்கூஸ். பங்கரைப்பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நிலம் அவளுடையது. பனை அவளுடையது. மண் நிரப்பிய உரப்பைகூட அவளுடையது. மறுநாள் பழைய தகரத்தில் ஒரு கதவு செய்வித்து, வெளியே பூட்டும் உள்ளே குறுக்குத்தடியும் போட்டாள்.

பொன்னம்பலம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பங்கருக்கும் வாடகையோ?"

"வாடகை தந்தால் திறப்பன் அண்ணை. நீங்கள் வேணுமெண்டால் வாங்கோ, உங்களிட்டைக் கேக்கமாட்டன்."

"எனக்கு வேண்டாம். ஒருக்கா மண்ணுக்குள்ளை போனால் காணும்."

பயமுறுத்தத்தான் செய்தாள். பயந்தால் அவர்களாகவே வேறு இடம் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். பொம்மர் தலைக்கு மேலே வந்தால் திறக்காமல் விடுவாளா என்ன? திறப்பாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு நாள் காலையில் பொம்மர் வந்தது. பராசக்தி உள்ளே இறங்கித் தடியைப் போட்டுவிட்டாள். மூன்று பேரும் ஓடி வந்த காலடி கேட்டது. பஞ்சலிங்கம் தகரத்தில் ஒரே ஒரு தரம் தட்டினான். பிறகு குணலட்சுமியின் குரல். சத்தம் போடவில்லை. ஒரு பிடி உப்புக் கேட்கிறவளைப்போலக் கேட்டாள்.

"அக்கா, பிள்ளையை மட்டும் எண்டாலும் உள்ளுக்கு எடுங்கோ."

பராசக்தி தடியில் கை வைத்தாள். இன்றைக்குத் திறந்தால் என்றைக்கும் திறந்ததுதான் என்று நினைத்தாள். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றட்டும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் நிலம் எழும்பி விழுந்தது.

அவள் வெளியே வந்தபோது ஆட்கள் கூடிவிட்டார்கள். பாய்களால் மூடியும் விட்டார்கள். அவள் பாய்களைத்தான் பார்த்தாள். மூன்று பாய். ஒன்று பாதிக்குமேல் தட்டையாகக் கிடந்தது.

ஓடி வர நேரம் காணவில்லையாக்கும் என்று வந்தவர்களிடம் சொன்னவர் பொன்னம்பலம். சொல்லும்போது அவர் தகரக் கதவைப் பார்க்கவில்லை. பராசக்தியையும் பார்க்கவில்லை. அதன்பிறகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மண் சூடாக இருந்தது இது நடந்து ஒரு மாதத்துக்குப் பிறகு.

அடுத்த தடவை மணம். முடக்கைக் கடந்ததும் மூக்கில் ஏறியது. சவர்க்காரம் கிடையாத காலம். ஊரில் பல பெண்கள் பனம்பழத்தின் களியில்தான் உடுப்புத் தோய்த்தார்கள். குணலட்சுமி அப்படித் தோய்த்துக் கொடியில் போடும்போது வளவெல்லாம் இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசம் நிற்கும். பங்கருக்குள் அதே வாசம் நின்றது. அதற்குள், வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் தலையில் எழும்பும் வியர்வையும் நல்லெண்ணெயும் கலந்த மணமும் இருந்தது. பராசக்தி முடக்கிலேயே நின்றாள். அப்பால் போகவில்லை. இருட்டில் துணி உராய்ந்தது. நெருக்கி இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் நெருக்கிக்கொள்ளும் சத்தம்.

அன்றைக்குப் பின்னேரம் ஆமைப்பூட்டையும் திறப்பையும் கிணற்றுக்குள் போட்டாள். கதவு திறந்தே கிடக்கட்டும். வாசற்படியில் கற்பூரம் கொளுத்தினாள். திருநீறு தூவினாள். பிறகு படலையைத் திறந்துகொண்டு போய், கோயில் மடத்தில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து அறைகளைக் காட்டினாள். வாடகை வேண்டாம் என்றாள். தேங்காயும் தருவதாகச் சொன்னாள். வந்த பெண் அறைகளைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், பங்கர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, உள்ளே இருக்கிறவர்கள் போன பிறகு சொல்லி அனுப்புங்கோ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலையில் தகரக் கதவு சாத்தியிருந்தது. காற்றாக்கும் என்று தள்ளினாள். அசையவில்லை. உள்ளே தடி போட்டிருந்தது.

மத்தியானம் போனபோது திறந்து கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் பின்வளவுக்குப் போகவில்லை. கிணற்றுக்குக்கூட வேலியோரமாகச் சுற்றிப்போய் வந்தாள். ஐப்பசியில் மழை பிடித்தது. மேகம் கட்டிய வானத்தில் பொம்மர் வராது. ஊரே அதற்காக மழையை வாழ்த்தியது. பராசக்தி குசினி அடுப்படியில் இருந்து மழையைப் பார்த்தாள். பின்பக்கத்து அறைகளில் கூரை ஒழுகி, நிலத்தில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் கேட்டது. முன்பென்றால் குணலட்சுமி சட்டி வைப்பாள். இப்போது வைக்க ஆளில்லை. எழும்பிப்போய்த் தானே ஒரு சட்டி வைத்தாள். அறையில் யாருமில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

ஒரு பின்னேரம் மழை விட்டது. வெயில் எறித்தது. இலையெல்லாம் மினுங்கியது.

பொம்மர் வந்தது.

போவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தாள். குசினிச் சுவரோடு முதுகை ஒட்டிக் குந்தினாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. ஓடுகள் நடுங்கின. பொன்னம்பலம் பல நாளுக்குப் பிறகு வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, கீழை பதியிறான். பங்கருக்கை போ."

இரைச்சல் சீறலாக மாறியது. தலைக்கு நேரே. கால்கள் அவளைக் கேட்கவில்லை. சேற்றில் வழுக்கி, எழும்பி, ஓடினாள்.

கதவு சாத்தியிருந்தது.

தள்ளினாள். தடி.

தகரத்தில் ஒரே ஒரு தரம் தட்டினாள். அதற்குமேல் கை எழும்பவில்லை. என்ன சொல்லிக் கேட்பது என்றும் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தது.

தடி நகர்ந்தது.

உடனே நகர்ந்தது. அவள் யோசித்த அளவுகூட யாரும் யோசிக்கவில்லை.

இறங்கினாள். முடக்கு. இருட்டு. ஈர மண்ணும் பனங்களியும் மணத்தன. மூச்சுகள். ஒன்று பெரியது. ஒன்று மெல்லியது. ஒன்று சின்னது, வேகமானது.

"அக்காவுக்கு இடம் விடுங்கோ" என்றான் பஞ்சலிங்கம்.

துணி உராய்ந்தது. கரையில் ஓர் இடம். அவளுடைய அகலம். ஒரு சாண் கூட. அவள் இருந்தாள். தோளில் தோள் முட்டியது. குளிராக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உயிருள்ளவர்களின் சூடு.

ஒருவரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

வாடகையைப்பற்றிச் சொல்லவேண்டும் என்று வாயெடுத்தாள். குண்டு விழுந்தது. தூரத்தில். பனங்குற்றிகளுக்கிடையால் மண் கொட்டியது. சின்னதாக ஒன்று தடவித் தடவி அவள் மடியில் ஏறியது. முழங்கால் ஒன்று வயிற்றில் குத்தியது. எண்ணெய்த் தலை தாடைக்குக் கீழே வந்து பொருந்தியது. அவளுடைய மகன் இப்படி ஏறி இருந்து எத்தனையோ காலம். கை தானாகப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டது.

அழுதாள். சத்தமில்லாமல். கொஞ்ச நேரம் அவளுக்குப் பயமே இருக்கவில்லை.

இரைச்சல் விலகியது. தேய்ந்தது. நின்றது. கிணற்றடியில் ஒரு காகம் கத்தியது.

"பிள்ளை" என்று கூப்பிட்டார் பொன்னம்பலம். "அவன் போயிட்டான். வெளியிலை வா."

பராசக்தி எழும்பப் பார்த்தாள். பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. எழும்பப்போகிறவர்களின் அசைவு அங்கே இல்லை. மடியில் இருந்தது இன்னும் ஒடுங்கியது.

"பெரியம்மா, இன்னும் சுத்துறான்."

"இல்லையம்மா, போயிட்டான்."

"சுத்துறான்."

காதைக் கொடுத்தாள். ஒன்றும் இல்லை. காகம். மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு, எல்லாவற்றுக்கும் அடியில், அவளுக்கும் கேட்டது. மேலே. நேர் மேலே. போகாமல்.

பிள்ளையைத் தேற்ற முதுகைத் தடவினாள். சட்டை நனைந்திருந்தது. மழையில் நனைந்ததுபோல இல்லை. பிசுபிசுத்தது. கை இன்னும் கீழே இறங்கியது. அங்கே முதுகு இருக்கவேண்டிய இடத்தில் முதுகு இல்லை. உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். விரல்கள் அதன் விளிம்பில் நின்றன. சூடாக ஊறி, மணிக்கட்டால் வழிந்தது.

பொத்தினாள்.

நின்றது. பிள்ளையின் மூச்சு இறங்கியது. தலை அவள் தோளில் பாரமாகச் சாய்ந்தது.

கையைச் சற்றே தளர்த்தினாள். ஊறியது. பிள்ளை முனகியது. இருட்டில் குணலட்சுமி மெல்ல மூச்சை இழுத்தாள்.

மறுபடி பொத்தினாள்.

வெளியே வளவுச் சேற்றில் காலடி வந்தது. வாசலில் ஆள் நிற்கும் நிழல் முடக்குவரை விழுந்தது. பொன்னம்பலம் உள்ளே இறங்கவில்லை.

"பராசக்தி?"

அவள் பேசவில்லை. பேசினால் கை அசையும்.

"பிள்ளை, உள்ளுக்கோ நிக்கிறாய்?"

நிழல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனது. உள்ளே அவர்கள் நாலு பேரும் தோளோடு தோள் முட்டியபடி இருந்தார்கள். கை மரத்துக்கொண்டு வந்தது. விரல்களுக்கிடையில் சூடு தேடியது. பராசக்தி மற்றக் கையையும் கொண்டுபோய் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.