ஆயிரத்துக்கு எட்டுப் பேர் குறைவு

"எட்டே எட்டுப் பேர்! எட்டுப் பேருக்கு நான் எங்க போவேன்?"

இப்படிச் சொல்லிக்கொண்டே கணக்கு டீச்சர் சலவைக்கடைக்குள் நுழைந்து, நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தார்.

தேய்த்து அடுக்கிய சட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அது பொத்தானின் தலை. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால், சலவைக்கு வரும் சட்டைகளில் அறுந்துபோன பொத்தான்களையெல்லாம் அவளே தைத்துக் கொடுப்பதால், தெருவில் அனைவரும் அவளைப் 'பொத்தான்' என்றே அழைத்தனர். வயது பத்து.

"யாரைத் தேடுறீங்க, டீச்சர்?"

"மனுசங்களைத்தான்! மக்கள்தொகைக் கணக்கெடுக்க என்னை அனுப்பியிருக்காங்க இல்லையா? இந்த மூணு தெருவிலயும் ஒரு வீடு விடாம ஏறி இறங்கிட்டேன். மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரண்டு. ஆயிரம் பேர் இல்லேன்னா, நம்ம நர்ஸை வேற இடத்துக்கு மாத்திடுவாங்களாம். நாளைக்குக் காலையில கணக்கை ஒப்படைக்கணும்."

பொத்தானின் கையிலிருந்த ஊசி நின்றது.

சென்ற ஆண்டு அம்மாவின் கையில் கொதிநீராவி பட்டு, முழங்கை வரை வெந்துபோயிற்று. நர்ஸ் அக்கா பதினைந்து நாள், காலைதோறும் கடைக்கே வந்து கட்டு மாற்றினார். இன்று அந்தக் கையால்தான் அம்மா தேய்ப்புப்பெட்டியைப் பிடிக்கிறார். அப்படிப்பட்ட அக்காவை அனுப்பிவிடுவதா? தலைகள் எட்டுக் குறைந்தால் காய்ச்சலும் குறைந்துவிடும் என்று எந்த அலுவலகத்தில் எந்த அறிவாளி கண்டுபிடித்தாரோ!

"ஆலை ஓடினப்ப இங்க ரெண்டாயிரம் பேரு இருந்தாங்க," என்றார் அம்மா. "ஆலையை மூடினாங்க. ஆளுங்க மூட்டையைக் கட்டிட்டாங்க. இருக்கிறவங்களும் ஒரு பிள்ளை போதும்ங்கிறாங்க. அப்புறம் எப்படி ஆயிரம் வரும்?"

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். "இதுக்கா கவலை? எட்டுப் பேரை நீங்களே எழுதிக்கோங்க, டீச்சர். பேரெல்லாம் நான் சொல்றேன்."

"இல்லாத ஆளை எழுதறதுக்கு நான் என்ன கதையா எழுதுறேன்?" என்று டீச்சர் சீறினார். மாமா துணிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பொத்தான் மெல்ல வந்து, டீச்சரின் பட்டியலைப் படித்தாள். பத்தாவது வரியிலேயே அவள் விரல் நின்றது.

"பேக்கரி மாடியில 'ஆள் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க?"

"மூணு தடவை போனேன். கதவைத் தட்டித் தட்டிக் கைதான் வீங்கிச்சு."

"வாராவாரம் அங்கிருந்து ஒம்பது பேரோட வெள்ளைக் கோட்டு வருதே, டீச்சர்!"

துணிகள் கலந்துவிடாமல் இருக்க, அந்தக் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. கழுத்துப்பட்டையின் உட்புறம் அழியாத மையால் குறியும், ஆளுக்கோர் எண்ணும் இடுவார்கள். பேக்கரி மாடிக்கு முக்கோணம். முக்கோணம் ஒன்று முதல் முக்கோணம் ஒன்பது வரை பொத்தானுக்கு மனப்பாடம்.

இருவரும் பேக்கரி மாடிக்கு ஓடினார்கள். டீச்சர் கதவைத் தட்டினார்.

"கணக்கெடுப்பு!"

பதிலில்லை. உள்ளேயிருந்து குறட்டை மட்டும் வந்தது.

பொத்தான் இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, "சலவைத் துணி!" என்று கூவினாள்.

கதவு உடனே திறந்தது. கண்ணைக் கசக்கியபடி ஒருவர் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசையாக எட்டுப் பேர் போர்வைக்குள் சுருண்டு கிடந்தனர்.

"இரவெல்லாம் ரொட்டி சுடுறோம்மா. பகல்லதான் தூக்கம்," என்றவர், டீச்சர் வந்த காரணத்தைக் கேட்டதும் திகைத்தார். "எங்களையுமா எழுதுவீங்க? நாங்க வெளியூருங்க. எங்க பக்கம் மூணு வருசமா மழையில்ல. வேலை தேடி இங்க வந்து எட்டு மாசம் ஆகுது."

"எட்டு மாசமா இங்க தங்கினா இந்த ஊருதான். பேரைச் சொல்லுங்க."

அவர் மற்றவர்களை உலுக்கி எழுப்பினார். ஒவ்வொருவரும் தலைமுடியைக் கோதிக்கொண்டு, நிழற்படத்துக்கு நிற்பவரைப் போல நின்று, தம் பெயரைச் சொன்னார்கள். எல்லாருக்கும் இளையவர், "எங்களையும் கேட்டு வந்தீங்களே, ரொம்ப நன்றிங்க," என்று இருமுறை சொன்னார்.

"ஆயிரத்தொண்ணு!" என்று படிக்கட்டிலேயே டீச்சர் பொத்தானைக் கட்டிக்கொண்டார்.

ஆனால், பொத்தான் சிரிக்கவில்லை. பட்டியலில் அவள் இன்னொரு வரியையும் பார்த்திருந்தாள். பச்சைக்கதவு வீடு: ஐந்து பேர்.

பச்சைக்கதவு வீட்டுக்கு வட்டக்குறி. ஓராண்டாக வட்டம் ஒன்றும் வட்டம் இரண்டும்தான் சலவைக்கு வருகின்றன. வட்டம் மூன்று, நான்கு, ஐந்து ஆகியவை வருவதேயில்லை. அந்த மூவரும் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

சொன்னால் மூன்று பேர் குறைவார்கள். நர்ஸ் அக்கா போய்விடுவார். சொல்லாமல் இருந்தால்? யாருக்குத் தெரியப்போகிறது? மாமா சொன்ன யோசனைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"டீச்சர்," என்று அவள் மெல்லிய குரலில் தொடங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டீச்சர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "நீ சொல்லாம இருந்திருக்கக் கூடாதான்னு எனக்கே தோணுது, பாரு. வா, போய்க் கேட்போம்."

பச்சைக்கதவைத் திறந்தவர் அந்த வீட்டுப் பெரியம்மா.

"அஞ்சு பேருதான்," என்றார் அவர். "நானு, அவரு, மகன், மருமக, பேத்தி."

"அவங்க மூணு பேரும் இப்ப இங்க இல்லையே, பெரியம்மா?"

பெரியம்மாவின் முகம் வாடியது. "வேலை கிடைச்சிருக்குன்னு போனாங்க. அதுக்காக என் குடும்பம் இல்லேன்னு ஆயிடுமா? அவங்க பேரை அடிச்சுடாதீங்கம்மா. மனசு கேக்காது."

பொத்தான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க இருக்கிற ஊருலயும் ஒரு டீச்சர் கதவைத் தட்டுவாங்க, பெரியம்மா. அங்க அவங்களை எழுதிக்குவாங்க. இங்கயும் எழுதினா உங்க பேத்தி ரெண்டு பேரா ஆயிடுவா. ஒருத்திக்குச் சோறு ஊட்டவே தெரு முழுக்க ஓடினீங்களே!"

பெரியம்மா சட்டென்று சிரித்துவிட்டார். "ஆத்தாடி! ரெண்டு பேருன்னா என் முட்டி தாங்காது. அடிச்சிடுங்க."

டீச்சர் மூன்று பெயர்களையும் அடித்தார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

அப்போது வீட்டின் பின்பக்கத்திலிருந்து 'வீல்' என்று ஓர் அழுகுரல் கேட்டது.

"யாரு பெரியம்மா அது?"

"அதுவா? பின்பக்கத்து அறையில வாடகைக்கு இருக்கிறவங்க குழந்தை. பொறந்து பன்னிரண்டு நாளாச்சு. அப்பாக்காரரு பஸ் டிப்போவில மெக்கானிக்கு."

"இவங்களை ஏன் சொல்லலை?" என்று டீச்சர் பதறினார்.

"நீங்க 'உங்க குடும்பத்துல எத்தனை பேரு'ன்னுதானே கேட்டீங்க? அவங்க என் குடும்பமா, என்ன?"

டீச்சர் பட்டியலோடு பின்பக்கம் விரைந்தார். அந்தப் பின்னறைக்காரர்கள் துணியைத் தாமே துவைத்துக்கொண்டதால், சலவைக்கடைக்கும் அவர்களைத் தெரியாமல் போயிற்று.

பின்னறையில் குழந்தையின் தாய் தயங்கினார். "இன்னும் பேரே வைக்கலையே, மேடம். எப்படி எழுதுவீங்க?"

"பேரு மெதுவா வரட்டும். ஆளு வந்தாச்சே!" என்றார் டீச்சர். தாய், தந்தை, குழந்தை ஆகிய மூவரும் பட்டியலில் ஏறினர். மீண்டும் ஆயிரத்தொன்று.

தெருவுக்கு வந்ததும் பொத்தான் சொன்னாள்: "கேள்வியை மாத்தணும், டீச்சர். குடும்பம்னு கேட்டா, போனவங்களைச் சொல்றாங்க, வந்தவங்களை விட்டுடறாங்க. 'இந்த வீட்டுல யாரு யாரு தூங்கி எழுந்திருக்கிறாங்க'ன்னு கேளுங்க. பகல்ல தூங்கினாலும் தூக்கம் தூக்கம்தானே?"

டீச்சர் தம் நெற்றியில் தாமே தட்டிக்கொண்டார். "கூட்டல் சரி, கேட்ட கேள்விதான் தப்பு. இதை நீ பரீட்சையில செஞ்சிருந்தா முட்டை போட்டிருப்பேன்."

இருவரும் மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினார்கள். மாமாவையும் இழுத்துக்கொண்டு, தெருவுக்கொருவராகப் பிரிந்து கேட்டார்கள். தையற்காரர் வீட்டில் ஒருவர் குறைந்தார். மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். மருந்துக்கடைக்கு மேலே இருவர் கூடினர். ஆறு வீடுகளில் தலா ஒரு கைக்குழந்தையைச் சொல்லவே மறந்திருந்தார்கள். "சின்னப் பிள்ளைதானே, அதுவும் கணக்கா?" என்று கேட்ட ஒருவருக்கு, "சின்னப் பிள்ளைக்குத்தாங்க நர்ஸ் ரொம்பத் தேவை," என்று பொத்தான் பதில் சொன்னாள்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் டீச்சர் இருமுறை கூட்டிப் பார்த்தார். ஆயிரத்தெட்டு. அத்தனை பேரும் உண்மையாகவே இருந்தனர்.

அடுத்த மாதம் ஆணை வந்தது. நர்ஸ் அக்கா எங்கும் போகவில்லை. செய்தியைக் கேட்ட அம்மா, கடைக்குள் போய், தம் கையைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை பொத்தானுக்குத் தொண்டைவலி. அக்காவின் அறைக்கு வெளியே வரிசை தெருவரை நீண்டிருந்தது. கொட்டாவி விட்டபடி பேக்கரிக்காரர்கள் நின்றார்கள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மெக்கானிக்கின் மனைவி நின்றார்.

"என்னடா இது, இவ்வளவு கூட்டம்!" என்று யாரோ முணுமுணுத்தார்.

பொத்தான் கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. தொண்டை வலித்தாலும், அவள் சிரித்துக்கொண்டேதான் நின்றாள்.