எட்டு முறை அமர்த்திய அலாரம்

பிணத்தின் தலைமாட்டில் போன் அலறிக்கொண்டிருந்தது...

இன்ஸ்பெக்டர் வாசுகி குனிந்து பார்த்தாள். திரையில் சிவப்பு எழுத்து. கீட்டோன் 6.1!

கட்டிலில் பிரவீனா. வயது இருபத்தொன்பது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டு, மஞ்சள் புடவை கட்டி, மூன்று நாளாகப் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டவள். அதே புடவையில் செத்துக் கிடந்தாள். இடுப்பில் இன்சுலின் பம்ப். கையில் சென்சார்.

செடெனாக் என்ற மலேசியச் சிற்றூரின் அந்த வரிசை வீட்டில் இன்னும் இரண்டு பேர். தாய் ராசம்மா. தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் கணவன் ரூபேந்திரன்.

"இது என்ன அலாரம்?"

ரூபேந்திரன் பொறுமையாக விளக்கினான்.

"அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து டைப் ஒன் சுகர், மேடம். சென்சார் சுகரைப் பார்க்கும், பம்ப் தானாவே இன்சுலின் குடுக்கும். இன்சுலின் பத்தலைன்னா ரத்தத்துல கீட்டோன் ஏறி விஷமாயிடும். அதையும் இந்தப் புது சென்சார் பார்த்துச் சொல்லும். ஆஸ்பத்திரியில சோதனைக்குக் குடுத்தாங்க."

"சொல்லியிருக்கே. யாருக்கும் கேக்கலையா?"

அவன் மாமியாரைப் பார்த்தான். குரலில் சோகம் அளவாக இருந்தது.

"கேட்டுச்சு மேடம். அத்தைதான் அமர்த்தி வச்சிருக்காங்க. நேத்துலேர்ந்து எட்டு தடவை."

ராசம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"விரதம்னாலே அது ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க மாப்பிள்ளை... பிள்ளையும் அதையேதான் சொன்னா. வாந்தி எடுத்துக் களைச்சுப்போய்ப் படுத்திருந்தா. தூங்கட்டுமேன்னு..."

"கொஞ்சம் ஏறும்னு சொன்னேன். ஆறு வரைக்கும் விடச் சொன்னேனா அத்தை?"

எவ்வளவு லாவகம்! பழியைத் தூக்கி அந்தத் தாயின் மடியில் வைத்துவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ராசம்மா வாசுகியின் கையைப் பிடித்தாள். "என் பிள்ளைய நானேதான் கொன்னுட்டேனா? சொல்லுங்கம்மா."

வாசுகி பம்பின் பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் படித்தாள்.

"ரெண்டு நாளா சுகர் ஏறிட்டே இருந்திருக்கு. பம்பும் இன்சுலினைத் தள்ளிட்டே இருந்திருக்கு. அப்புறம் எப்படி இறங்காம இருக்கும்?"

"மெஷின்தானே மேடம்..."

"தள்ளினது இன்சுலினே இல்லைன்னா? வெறும் தண்ணின்னா?"

ரூபேந்திரன் அசரவில்லை. "மருந்துக் குப்பி இன்னும் பம்ப்லதான் இருக்கு. லேபுக்கு அனுப்புங்க. சுத்தமான இன்சுலின்னு சொல்லுவாங்க."

இவ்வளவு தைரியமா...? வாசுகி ராசம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"மூச்சு எப்போ நின்னுச்சும்மா?"

"மூணு மணிக்கு. உடனே மாப்பிள்ளைக்குப் போன் அடிச்சேன். யாரையும் கூப்பிடாதீங்க, நான் வந்து பார்த்துக்கறேன்னாரு. வந்தப்போ அஞ்சு மணி. வாயில ஊத்தத் துளசித் தண்ணி கொண்டாங்கன்னு என்னை வெளிய அனுப்பினாரு."

வாசுகி பம்பை ரூபேந்திரனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

*புதுக் குப்பி மாட்டிய நேரம்: 5.14.*

ரூபேந்திரனின் முகம் வெளிறியது.

அவனுடைய பையைக் கவிழ்த்தபோது பழைய குப்பி உருண்டு வந்தது. அவனுடைய போனில், 'எப்போது முடியும்?' என்று சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து இன்னொருத்தி அனுப்பிய செய்தி.

கைவிலங்கு பூட்டியாயிற்று. ஆனால் ராசம்மாவின் முகத்தில் வெளிச்சம் வரவில்லை.

"ஒரு தடவையாவது அமர்த்தாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா... பொழைச்சிருப்பாளா?"

பிழைத்திருப்பாள். நேற்று என்றால் நிச்சயமாக. வாசுகிக்கு அது தெரியும். பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. அந்தத் தாய்க்கு அந்த மௌனமே பதிலாகிவிட்டது. அவள் மகளின் காலடியில் சுருண்டு உட்கார்ந்தாள். இனி எந்தத் தீர்ப்பும் அவளை எழுப்பப் போவதில்லை.

ஜீப்பில் ஏறும்போது ரூபேந்திரன் முறைத்தான்.

"எனக்கு வக்கீல் வேணும்."

"வரட்டும் லா," என்றாள் வாசுகி. "செத்து ரெண்டு மணி நேரம் கழிச்சும் பொண்டாட்டிக்கு மருந்து மாத்துற அக்கறையான புருஷனை அவரும் எங்கே பார்த்திருக்கப் போறாரு?"